அப்பா எழுந்து நின்றார்

அக்கா சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தாள். ஒப்பந்தம் முடிந்தும் அவள் பாஸ்போர்ட் வீட்டம்மாவின் பீரோவில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்பது அவள் உரிமை என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து, எங்கள் ஊர் வேப்பந்தட்டையிலிருந்து வீடியோ காலில் அவரை வீட்டம்மாவிடம் பேச வைத்தேன்.

வீட்டம்மா முகம் தெரிந்ததும் அப்பா எழுந்து நின்று, தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பண்ணை வேலை பார்த்த காலத்துப் பழக்கம்.

“இன்னொரு வருசம் இருக்கட்டுங்க. என் மாமியாரப் பாத்துக்க ஆளில்ல” என்றார் வீட்டம்மா.

“சரிங்கம்மா. நீங்க பாத்து செஞ்சா சரி” என்றார் அப்பா.

மாலையில் அக்கா கூப்பிட்டாள். “அப்பா ஏண்டா எந்திரிச்சுச்சு? எனக்கு வயிறு மட்டுந்தான் தெரிஞ்சுது” என்று சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நாளைக்கு நானே கேக்குறேன். நீ லைன்ல இரு. அப்பாவ வயக்காட்டுக்கு அனுப்பிரு.”