சித்தியின் ஐந்து கட்டங்கள்

"இதெல்லாம் ஒரே குடும்பமா?" என்று சித்தி கேட்டாள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய பதிவேடு விரிந்து கிடந்தது. பக்கத்தில் என் பாடப்புத்தகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சித்தப்பா கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே குடும்பம்தான். மூணுக்குமே உடம்புல மயிர் மாதிரி சின்னச் சின்ன இழை இருக்கு. உள்ள ரெண்டு உட்கரு, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அதனால மூணும் சிலியோஃபோரா."

"ஒட்டினது, ஊர்றது, நீந்துறது, மூணுமா?"

"மூணும்."

"ஒண்ணு காம்புல நிக்குது. ஒண்ணு எறும்பு மாதிரி மேயுது. ஒண்ணு தறிகெட்டு ஓடுது. எப்படிடி ஒண்ணாகும்?"

"நடையை வச்சு குடும்பம் பிரிக்கக் கூடாது சித்தி. நீயும் சித்தப்பாவும் ஒரே மாதிரி நடந்தா அண்ணன் தங்கச்சி ஆயிடுவீங்களா?"

"உங்க சித்தப்பா எங்க நடக்குறாரு? அவரு ஒட்டினது."

கூடத்தில் குறட்டை ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. சித்தி பதிவேட்டில் தான் வரைந்திருந்த இரண்டு கிண்ணங்களைக் காட்டினாள். ஓட்டுக்குள் இருந்துகொண்டு விரல் மாதிரி எதையோ வெளியே நீட்டும் உயிர்கள்.

"இது ரெண்டும்?"

"அது ரெண்டும் வேற வேற. இது அமீபாவோட சேரும். ஓட்டுல செதில் இருக்கே, இது கடல்ல ஓடு கட்டி வாழ்ற ஒரு கூட்டத்துக்குச் சொந்தம்."

"பாத்தா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு."

"பார்வைக்குத்தான். ஒட்டும் இல்ல உறவும் இல்ல."

"பச்சையா வாலடிச்சிக்கிட்டு ஓடுமே, அது செடியா பூச்சியா?"

"யூக்ளினா. ரெண்டும் இல்ல. இந்த ரிஜிஸ்டர்ல நீ எழுதுற எதுவுமே செடியும் இல்ல, விலங்கும் இல்ல, காளானும் இல்ல. எதுலயும் சேராததை எல்லாம் சேத்து புரோட்டிஸ்டுன்னு ஒரு பேரு வச்சாங்க."

"ஆபீஸும் இல்ல, லேபரும் இல்ல. என்னைய மாதிரி கான்ட்ராக்ட்டுன்னு சொல்லு."

நான் சிரித்தேன். அவள் பென்சிலின் பின்பக்கத்தால் தாளைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப மூணு கட்டம் வேண்டாமா?"

"வேண்டாம். மூணையும் கூட்டி ஒரே எண்ணாப் போடு."

"சரி," என்றாள். "நீ படிச்சவ."

ஸ்கேலை எடுத்துப் புதிய படிவத்துக்குக் கோடு போட்டது நான். தலைப்புகளை இரண்டு மொழியிலும் அழகாக எழுதினேன்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இருந்த வேதியியலாளர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆய்வக அறையைத் தினமும் துடைத்துவைத்தவள் ஒரு நாள் மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றிப் பார்த்தாள். காற்றைக் குமிழிகளாகச் செலுத்திக் கழிவுநீரைக் கலக்கும் பெரிய தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தாள். அன்று பார்க்கத் தொடங்கியவள் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஏழேகால் மணிக்கு முதல் சொட்டு. காய்ச்சல் அடித்த நாளிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் படுத்தாள்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு யாரும் பெயர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே வைத்துக்கொண்டாள். காம்பின் நுனியில் மணி மாதிரித் தொங்கி, தொட்டால் காம்பைச் சுருட்டிக்கொள்வது 'மணிப்பூ'. பாராமீசியம் 'செருப்பு'. மெதுவாக இழைந்து நகரும் அமீபா 'சோம்பேறி'. ஒற்றைச் சாட்டையை வீசித் துள்ளும் பொடிசுகள் 'துடிக்கிறது'. பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் போட்டிருந்தாள்: ஒட்டினது, ஊர்றது, நீந்துறது, துடிக்கிறது, இழையறது. ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணி எழுதுவாள். ஒட்டினதும் ஊர்றதும் நிறைய இருந்தால் தொட்டி நலமாக இருக்கிறது. நீந்துறது ஏறினால் எங்கோ கோளாறு தொடங்குகிறது. துடிக்கிறது ஏறினால் கோளாறு வந்தேவிட்டது. அதைப் பார்த்துத்தான் காற்றைக் கூட்டுவதா, சேற்றை வெளியே விடுவதா என்று முடிவு செய்தார்கள்.

காற்று இயந்திரத்தை ஓட்டும் ஆள் வாய் மூடாமல் பேசுவார். அவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். காலையில் ஆய்வகக் கதவில் சாய்ந்துகொண்டு, "என்ன டாக்டரம்மா, என் தொட்டிக்கு இன்னிக்கு ஜுரமா, பேதியா?" என்பார்.

"உங்க தொட்டி கல்லு மாதிரி இருக்கு. உங்க வாய்க்குத்தான் வைத்தியம் இல்ல," என்பாள் சித்தி.

வீட்டில் சித்தப்பா வேறு விதமாகச் சொல்வார். லாரி ஓட்டிவிட்டு வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவர். "ஊரெல்லாம் பொம்பளைங்க தோட்டத்துல பூப் பாப்பாங்க. எனக்கு வாய்ச்சவ சாக்கடையில பாக்குறா."

நான் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் யாராவது கேட்டால், சித்தி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொல்வேன். எந்த ஆய்வகம் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்த வருடம் நிலையத்தை நடத்தும் வாரியத்தின் மேலிடத்திலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர்கள் அறிவியல் முறைப்படி இல்லை என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார். சித்தியை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போதுதான் மேலே போகத் தயாராக இருந்தது. இளநிலைப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டு, "கோப்போட உங்க ரிஜிஸ்டரும் போகும். திங்கக்கிழமைக்குள்ள சரியான பேரைப் போட்டு எழுதிடுங்க," என்றார். ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அந்தக் கோப்பு மேசையை விட்டு நகர்ந்திருக்கிறது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

என் படிவத்தில் தவறு எதுவும் இல்லை. எந்தப் பேராசிரியரிடம் காட்டினாலும் சரி என்பார். ஒட்டினதும் ஊர்றதும் நீந்துறதும் உண்மையிலேயே ஒரே வம்சம். அவளுடைய இரட்டைக் கிண்ணங்கள் உண்மையிலேயே அந்நியங்கள். யாருக்கு யார் சொந்தம் என்பதற்கு நான் சரியாகப் பதில் எழுதியிருந்தேன். அந்தத் தொட்டியில் யாரும் அதைக் கேட்கவில்லை. இன்றைய காற்றில் யாரால் பிழைக்க முடிகிறது என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கான பதிலை, மூன்று கட்டங்களை ஒன்றாக்கி, நான் அழித்துவிட்டேன். சித்தி அதைக் கேட்கத்தான் செய்தாள். நான்தான் அவள் பாடம் கேட்பதாக நினைத்துக்கொண்டேன்.

புதிய படிவம் வந்த ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, போனில் அழைத்தாள். நான் நூலகத்தில் இருந்தேன். கூட வகுப்புத் தோழிகள் இருவர்.

"மணிப்பூ கொறைஞ்சிக்கிட்டே வருதுடி. காம்பு மட்டும் மொட்டையா நிக்குது. செருப்பும் பொடி நீந்துறதும் ஏறுது."

"மொத்தம் எவ்வளவு?"

"மொத்தம் அதேதான். நானூறு சொச்சம்."

"அப்ப ஒண்ணும் இல்ல."

"நேத்தும் இப்படித்தான் இருந்தது. பொறியாளர்கிட்ட சொல்லட்டுமா? அவரு ரிஜிஸ்டரத்தான் பாக்குறாரு. எண்ணு மாறவே இல்லையேங்குறாரு."

"சித்தி, ரெண்டும் ஒண்ணுதான்னு அன்னிக்கே சொன்னேன்ல. ஒரே குடும்பத்துல ஒருத்தர் கொறைஞ்சா ஒருத்தர் ஏறுவாங்க. நீ பழைய பேரையே பிடிச்சிக்கிட்டு இருந்தா கோப்பு எப்படி நகரும்?"

நூலகத்தில் இருந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். ஆனாலும் அதில் இருந்த சலிப்பு அவளுக்குக் கேட்டிருக்கும். தோழிகளுக்கும் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன் என்பது இப்போது தெரிகிறது.

"சரிம்மா. படி," என்று போனை வைத்தாள். அவள் என்னை 'டி' போட்டுத்தான் பேசுவாள். 'ம்மா' என்று அன்றுதான் சொன்னாள்.

காற்று இயந்திரத்தில் ஒரு வால்வு அடைத்துக்கொண்டு காற்றுப் பாதியாகக் குறைந்திருந்தது. சத்தம் மாறவில்லை, அதனால் ரேடியோவுக்கும் தெரியவில்லை. தெரிந்தது மணிப்பூவுக்கு மட்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில் கடைசித் தொட்டியிலிருந்து தெளிந்த தண்ணீருக்குப் பதிலாகச் சேறு வழிந்து வாய்க்காலுக்குப் போனது. வாய்க்கால் போய்ச் சேரும் குளத்தில் மத்தியானத்துக்குள் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. மீன் பிடிக்கிறவர்கள் கூடைகளோடு நிலையத்தின் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். என் ஆய்வேட்டுக்காகத் தொட்டி நீரை எடுத்துக்கொள்ளச் சித்திதான் அனுமதி வாங்கித் தந்திருந்தாள். ஆய்வக மூலையில் இருந்த கழுவுதொட்டிக் குழாயில் ஸ்லைடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பொறியாளர் பதிவேட்டை மேசையில் போட்டார்.

"நானூறு, நானூத்திப் பத்து, நானூறு. எட்டு நாளா இதையே எழுதியிருக்கு. பழைய ரிஜிஸ்டரா இருந்தா மூணாவது நாளே எனக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டத்தை மாத்தினது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் சித்தி.

"பேரைத்தான மாத்தச் சொன்னேன். கட்டத்தை யாரு மாத்தச் சொன்னா?"

"நானாத்தான் மாத்தினேன்."

"சிலியோஃபோரான்னு இங்கிலீஷ்ல எழுத உங்களுக்குத் தெரியுமா?"

"புஸ்தகத்தைப் பாத்து எழுதினேன் சார்."

கதவருகே நின்ற ரேடியோ என்னைப் பார்த்தார். அந்தத் தலைப்புகள் யாருடைய கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். என் நோட்டை அவர் பார்த்திருக்கிறார். அந்த அறையில் அவர் பேசாமல் இருந்த ஒரே நேரம் அது. சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஒரே ஸ்லைடைக் கழுவிக்கொண்டிருந்தேன். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. குழாயை மூடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்து தண்ணீரை ஓடவிட்டேன். "நான்தான் போட்டேன்" என்று சொல்ல இரண்டு நொடி போதும். பொறியாளர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகிற வரைக்கும் அந்த இரண்டு நொடியும் எனக்கு அகப்படவில்லை.

அவர் போனதும் நான் சொல்வேன் என்று நினைத்தேன். மறுநாள் சொல்வேன் என்று நினைத்தேன். திங்கட்கிழமை போனபோது சித்தி பென்சிலால் பழைய ஐந்து கட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். "அமீபாவுக்கு ரெண்டு 'ம'வா, ஒண்ணா?" என்று கேட்டாள். ஒன்று என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

நிரந்தரமாக்கும் கோப்பு திரும்பி வந்தது. அவள் இன்றும் கான்ட்ராக்ட்தான். காலை ஏழேகாலுக்குப் போகிறாள். நான் அதே வாரியத்தின் குடிநீர் ஆய்வகத்தில் இருக்கிறேன், நிரந்தரமாக. அவளுடைய கோப்பு ஒரு நாள் என் மேசையைத் தாண்டிப் போனது. அதில் அவள் கொடுத்த விளக்கக் கடிதம் இருக்கிறது. ஒரு பக்கம், ஆங்கிலத்தில். ஒரு பிழைகூட இல்லை. படித்தவர்கள் எல்லோரும் அதை நம்பியிருக்கிறார்கள். எழுதியது நான்.

அது அவள் கேட்டுத்தான் எழுதியது. விளக்கம் கேட்டு மெமோ வந்த அன்று சாயங்காலம் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். மெமோவை மேசையில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவினாள்.

"மூணு நாளைக்குள்ள பதில் குடுக்கணுமாம். இங்கிலீஷ்ல."

"நான் எழுதித் தரேன் சித்தி. நடந்ததை அப்படியே எழுதிடுறேன்."

"நடந்தது வேண்டாம். பொறியாளர்கிட்ட சொன்னது வாய்ப்பேச்சு, இது மேல போற காகிதம். அடுத்த மாசம் நீ அந்த வாரியத்துக்குத்தான பரிட்சை எழுதப் போற. கட்டம் மாத்தினேன்னு எழுதினா, எதுக்கு மாத்தினே, யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேப்பாங்க."

"அப்ப என்னன்னு எழுதுறது?"

அவள் என் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கையில் கொடுத்தாள்.

"எட்டு நாளும் நான் மைக்ராஸ்கோப்புல பாக்கவே இல்லைன்னு எழுது. பாக்காம, முந்தின நாள் எண்ணையே பாத்து எழுதிட்டேன்னு எழுது. கெஞ்சுற மாதிரி வேண்டாம், மரியாதையா எழுது."