புளி போட்டுத் தேய்த்த செம்பு

சின்ன வயதில் எனக்குக் கம்ப்யூட்டர் பாயைக் கண்டாலே ஆகாது. கள்ளக்குறிச்சியில் ஓடாத கம்ப்யூட்டர் எதுவானாலும் கடைசியில் அவர் கடைக்குத்தான் வந்து சேரும். மூன்றைப் பிரித்து ஒன்றாக்கி ஓடவைத்து, வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் ஏற்றி அனுப்புவார். எதற்கும் உதவாத வயர்கள் மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வரும். கூலிவேலை இல்லாத நாளில் அப்பா அவற்றைக் கொல்லையில் கொளுத்தி, உள்ளே இருக்கும் செம்பை எடுத்துப் பாயிடம் கொடுப்பார்.

கொளுத்துகிற நாள் எனக்குத் திருவிழா. நெருப்பு பச்சையாக எரியும்! வேறு எந்த வீட்டில் உண்டு? தெருப்பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். நான் முதலாளி மாதிரி நடுவில் நிற்பேன். தங்கச்சிக்குத்தான் ஒவ்வாது. மூன்று வயதுக் குழந்தை, இழுப்பு வந்தால் விலா உள்ளே போய்ப் போய் வரும். அம்மா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். "பனி ஒத்துக்கல" என்பார் அப்பா. நாங்களும் பனியைத்தான் திட்டினோம்.

ஒருநாள் பாயே மூட்டை கொண்டுவந்து இறக்கினார். தங்கச்சி அம்மா மடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்தமுறை அப்பா கடைக்குப் போனபோது, "கறுத்த செம்பு இனிமே வாணாங்க. தோல உரிச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டாராம். பலகையில் பிளேடு பொருத்திக் கொடுத்தும் அனுப்பினார்.

போச்சு! பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வயர் உரிப்பதே வேலை. விரலெல்லாம் கொப்புளம். பாயை வாய்க்கு வந்தபடி, அதாவது வாய்க்குள்ளேயே, திட்டித் தீர்த்தேன்.

போகி வந்தது. விடிகாலையில் தெருவே பழசைக் கொளுத்தியபோது நானும் ஒரு கட்டு வயரை அதற்குள் செருகிவிட்டேன். செம்பு கறுத்துத்தான் வந்தது. வந்தால் என்ன, பூசைச் செம்பு துலக்குகிற புளி எதற்கு இருக்கிறது? பொங்கலுக்கு வாங்கிய புளியில் பாதியைப் போட்டுத் தேய்த்தேன். தகதகவென்று ஆனது. நானே கடைக்குத் தூக்கிப் போனேன்.

பாய் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா, கொழம்பு வெச்சியா?"

கடையே சிரித்தது. கட்டைத் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால் கதவு சாத்தியிருந்தது. போகிப் புகையில் தங்கச்சிக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூக்கில் குழாயோடு அவளைப் பார்த்தபோதுதான், பாவி நான், பனிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

அதன்பிறகு ஒரு வயரைக்கூட நான் எரிக்கவில்லை. தங்கச்சிக்கும் மெல்ல மெல்ல இழுப்பு நின்றது. மாரியம்மன் கண் திறந்தாள் என்று அம்மா கூழ் ஊற்றினாள்.

போன மாதம் என் பழைய லேப்டாப்பைக் கொடுக்க அந்தக் கடைக்குப் போனேன். பாய் இப்போது இல்லை, மகன் உட்கார்ந்திருந்தார். இன்னார் மகள் என்று சொல்லிவிட்டு, எரித்த செம்பை அந்தக் காலத்திலேயே வேண்டாம் என்றவராயிற்றே உங்கள் அத்தா என்றேன். அவர் சிரித்தார்.

"யாரு சொன்னது? அப்ப ஊர்ல எல்லார்கிட்டயும் கறுத்ததத்தான் வாங்கிக்கினு இருந்தாரு. உங்க வூட்டுக்கு மட்டும்தான் அந்தக் கண்டிசன். அந்தக் கொழந்தையப் பாத்துட்டு வந்து அன்னிக்கு அத்தா சோறே துன்னலங்க. மத்தவங்ககிட்ட வாணாம்னு சொன்னதெல்லாம் ரொம்பப் பின்னாடி."

கரியாலூர் மலைப்பாதையில் இன்று எனக்கு முன்னால் ஓடி ஏறுகிறாளே என் தங்கச்சி, அந்த மூச்சுக்கு நாங்கள் பாய்க்குக் கடன்பட்டவர்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

நல்லவேளை, அன்று அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம் என்று தெரிந்திருந்தால், நான் இன்னும் ஜாஸ்தியாகத் திட்டியிருப்பேன்.