ஒட்டு ஓரத்தில் ஒரு பெயர்

லேபிள் வரைபவர் இந்த உலகத்தில் மதிக்கும் ஆள் ஒருவர்தான். அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். பதினான்கு வருடம் சோப்பு உறைக்கும் பினாயில் டப்பாவுக்கும் படம் போட்டவர், கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படம் போடக் கற்று ஒயின் பாட்டிலுக்கு ஏறியதும் கால் தரையில் பாவவில்லை.

ஒயின் முதலாளி தகரக் கொட்டகையில் தொழில் நடத்துபவர். அவருக்கு லேபிளில் மாளிகை வேண்டும், தோட்டம் வேண்டும், திராட்சைக்குத் திராட்சை பனித்துளி வேண்டும்.

"துளி இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாமே?"

"பழத்துக்கு வேர்க்குதுன்னு நினைச்சுக்குவாங்க சார்." கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் முடித்துக்கொண்டார்.

லேபிள் வரைபவர் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே ஒன்று: லேபிளில் தன் பெயர். மனைவியின் அண்ணன் விசேஷத்துக்கு விசேஷம், "மாப்ள கம்ப்யூட்டர்ல ஏதோ பொம்மை போடறாரு" என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். அந்த வாயை அடைக்க வேண்டும். எங்கேயாவது போட்டுக்கொள் என்று முதலாளியும் விட்டுவிட்டார்.

அச்சகக்காரர் போன் செய்தார். "சார், இடது ஓரத்துல ஒரு விரலகலம் காலியா விடுங்க. லேபிளோட மறுமுனை பாட்டிலைச் சுத்தி வந்து அது மேலதான் ஒட்டும்."

பசை வாளி தூக்குகிறவன் எனக்கு அழகு சொல்லித்தருகிறானா? பெயரை அந்த ஓரத்தில்தான் வைத்தார். திரையில் பாட்டிலைச் சுழற்றச் சுழற்ற, பெயர் எடுப்பாக வந்து வந்து போனது. திரையில் இருக்கிற பாட்டிலுக்குப் பசை வேண்டாம் என்பது அவ்வளவு பெரிய மூளைக்கு எட்டவில்லை.

இருபதாயிரம் பாட்டில்கள் கடைக்குப் போயின. ஒன்றை வாங்கி, மச்சானை வீட்டுக்கு வரவழைத்து, "இதுல என் பேரு இருக்கு, பாருங்க" என்று மேசையில் வைத்தார். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலை ஒரு முழுச் சுற்று சுற்றினார்.

"மாளிகை நல்லாருக்கு. பேரு எங்க மாப்ள?"

இவர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். வாளித் தண்ணீரில் அமுக்கி, ஒட்டு ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பசை நல்ல பசை. முதலில் திராட்சை போயிற்று, பிறகு மாளிகை. கடைசியில் பெயரும் நகத்துக்குள் வெள்ளைக் கூழாக வந்தது.

மனைவி கதவருகில் நின்றாள். "குடிக்கிறவன்கூட பாட்டிலோட இப்படி மல்லுக்கட்ட மாட்டான். வெளிய வாங்க, அண்ணன் கிளம்பிட்டாரு."

"சிரிச்சாரா?"

"இல்லைங்க. பாவம்னு சொல்லிட்டுப் போனாரு."