குப்பைத்தொட்டிக்குப் போன சொரீஸோ

நாலைந்து வருடங்களுக்கு முன் நடந்தது. அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த சின்ன யூனிட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எழுதினாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

மனைவிக்கு அப்போது நாலாவது மாதம். மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கை. ரச வாசனை ஆகாது, குக்கர் விசில் கேட்டாலே பாத்ரூமுக்கு ஓடுவாள். ஒவ்வொரு செக்கப்பிலும் எடை இறங்கிக்கொண்டே போனது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் அவள் ஆபீஸில் பக்கத்து சீட் மெக்சிகோக்காரப் பெண், முட்டையோடு கிளறிய சொரீஸோவை ஒரு வாய் கொடுத்திருக்கிறாள். மிளகாயும் பூண்டும் வினிகரும் அரைத்து, பன்றிக் கொத்துக்கறியில் பிசைந்து ஊறவைப்பார்களே, அது. அந்த ஒரு வாய் மட்டும் வயிற்றில் தங்கியது!

நாங்கள் மதுரைப் பக்கம். ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு. பன்றி மட்டும் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. தயங்கித் தயங்கி அம்மாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வயித்துப்பிள்ளைக்காரி வாய்விட்டுக் கேட்டுட்டா இல்லைன்னு சொல்லக்கூடாதுடா. பிறக்குற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும். செஞ்சு குடு. எங்கிட்ட மட்டும் அது பேரைச் சொல்லாத" என்றார் அம்மா.

கடையில் விற்பதில் உப்பு அதிகம், வீட்டில் செய்து நன்றாக வேகவைத்துக் கொடுங்கள் என்றார் டாக்டர். ஆபீஸ் தோழி போனிலேயே பக்குவம் சொன்னாள். உள்ளங்கை நீளத்துக்கு வற்றல் மிளகாய், நிறம்தான் அத்தனை சிவப்பு, காரம் நம் குண்டு மிளகாயில் பாதிகூட இல்லை. விதையைத் தட்டி, தோசைக்கல்லில் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, சீரகம், பட்டை, கிராம்பு, வினிகர் சேர்த்து மிக்ஸியில் அரைத்தேன். கறியைப் போட்டுப் பிசைந்ததில் என் இரண்டு கையும் மணிக்கட்டு வரை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. வினிகர் வாசனை பிடித்து வீட்டுக்கார ஆன்டி எட்டிப் பார்த்தார். என்ன கறி, யாருக்கு, எதற்கு என்று ஒன்று விடாமல் சொன்னேன். "ஓஹோ" என்று போய்விட்டார்.

எங்கள் ஃப்ரிட்ஜ் சின்னது. அதனால் பிசைந்த கறியை டப்பாவில் போட்டு அவர்கள் கராஜில் இருந்த இன்னொரு ஃப்ரிட்ஜில் வைத்தேன். குடிவந்த அன்றே ஆன்டி தன் வாயால் சொன்னதுதான்: "கீழ்த்தட்டு உங்களுதுப்பா. சிக்கன், மட்டன், எதுன்னாலும் வச்சுக்கோங்க. நாங்கல்லாம் ரொம்ப ஓப்பன் மைண்டட்."

மறுநாள் கொஞ்சம் எடுத்து முட்டை உடைத்து ஊற்றிக் கிளறிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். நான் பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று தட்டை நீட்டினாள். வாரக்கணக்கில் அந்த வார்த்தையைக் கேட்காதவனுக்குத்தான் தெரியும், அது எப்படிக் காதில் விழும் என்று.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து பசியோடு வந்தாள். பசியோடு! துள்ளிக் குதித்து கராஜுக்குப் போனேன். கீழ்த்தட்டு துடைத்து விட்டது போல் இருந்தது. டப்பாவையே காணோம்.

ஆன்டியிடம் கேட்டேன். அலட்டிக்கொள்ளாமல், "தூக்கிப் போட்டுட்டேன்ப்பா. வெள்ளிக்கிழமை வீட்ல ஹோமம் வச்சிருக்கோம். மேல்தட்டுல அபிஷேகப் பால் இருக்கு, கீழ போர்க் இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேனே ஆன்டி. அவ சாப்பிடுறதே அது ஒண்ணுதான்னு சொன்னேன்ல?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ப்ரெக்னன்ட்டா இருக்கற பொண்ணு கண்டதையும் சாப்பிட்டா குழந்தைக்கு என்ன சம்ஸ்காரம் வரும்?"

எனக்கு வந்ததே கோபம்! பசித்த கர்ப்பிணியின் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு சம்ஸ்காரம் பேச எப்படி ஐயா வாய் வருகிறது? "அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்றோம் ஆன்டி" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் நின்றால் வாயில் என்ன வருமோ என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போனது ஒரு மெக்சிகன் கடை. பன்றிக் கொத்துக்கறி கேட்டபோதுதான் உறைத்தது, இதை வாங்கிப் பிசைந்தாலும் ஊறுவதற்கு நாளை ஆகிவிடும், அவளுக்கு இப்போதல்லவா பசி என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவுன்டர்காரர் என்ன ஆச்சு என்றார். அவ்வளவுதான், முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர், அவரிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் கண் விரிந்தது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினார்.

கவுன்டர்காரர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். மாசமாக இருப்பவள் ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டே பிறக்குமாம். அவர் வீடு பின் தெருவில்தானாம். கணவருக்கு பி.பி. என்பதால் உப்புக் குறைத்து சொரீஸோ போட்டு வைத்திருக்கிறாராம். நீ இங்கேயே நில், நகராதே என்கிறார்.

எங்கள் ஊரில் காது, அவர் ஊரில் வாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தான் வாங்க வந்ததைக்கூட வாங்காமல் அந்த அம்மா போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய டிரக் பார்க்கிங் லாட்டுக்குள் வந்து நின்றது. இன்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கி ஓடி வந்தார். கையில் ஒரு காலித் தயிர் டப்பா, அது நிறைய சொரீஸோ. பர்ஸை எடுக்கப் போன என் கையில் ஓங்கி ஒரு அடி! போ, போ என்று என்னைக் காருக்குத் தள்ளினார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஆஸ்பத்திரி, டிரிப்ஸ் எதற்கும் தேவை வரவில்லை. சொன்னபடி வீட்டையும் காலி செய்தோம். மகள் பிறந்தாள், காதும் வாயும் அம்சமாக இருக்கின்றன, வாய் மட்டும் மூடுவதே இல்லை.

போன மாதம் கோயிலில் ஆன்டியைப் பார்த்தோம். மகளின் கன்னத்தைக் கிள்ளி, "நீ வயித்துல இருந்தப்போ உங்கம்மாவை நான்தான் பார்த்துக்கிட்டேன், தெரியுமா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அந்த மெக்சிகன் கடையில் நின்ற நாள் முதல், சம்ஸ்காரம் என்று யார் வாயைத் திறந்தாலும், இன்ஜினை அணைக்காமல் தயிர் டப்பாவோடு ஓடி வந்த அந்த அம்மாவைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.