அயர்ன் கம்மி

முப்பத்தெட்டு. மாரிச்செல்வத்தின் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை கொடுத்த எண் அது. நல்ல இதயமென்றால் அறுபதை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற இந்தக் கணக்கை டாக்டர்கள் 'பம்பிங்' என்கிறார்கள். திருப்பூரில் நோயாளிகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு வந்த மாரடைப்பு அவரிடம் விட்டுப்போனது இந்த எண்ணைத்தான்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இளவயதில் பஸ் ஏறி வந்து, பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் முன்னால் நின்றவர், அங்கேயே மாஸ்டரும் ஆனார். தைத்து வரும் டி-ஷர்ட்டுகளை நீராவியால் சுருக்கமெடுத்துப் பேக்கிங்குக்கு அனுப்பும் வேலை. காலர் நூலளவு சாய்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சரக்கு அனுப்பும் நெருக்கடி வந்தால் ஒன்றரை ஷிப்ட் நிற்பார். மாரடைப்புக்குப் பிறகு அது ஒரு ஷிப்டாகக் குறைந்தது. டேபிளை மட்டும் அவர் விடவில்லை.

போன ஆடியில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடிப்படியில் பாதியில் நின்று, செல்போனைப் பார்ப்பதுபோல நடிப்பார். மனைவி மூக்கம்மாள் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவள். பழுது கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு.

"வாட்ஸ்அப்ல என்ன அப்படி முக்கியமான சேதி, நித்தமும் பதினோராம் படியிலேயே வருது?" என்றாள்.

மறுநாளே இதய டாக்டர் சித்ரகலாவிடம் இழுத்துப் போனாள். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். "வேலையக் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். நீராவி சீறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் யாரோ இந்திப் பாட்டு வைத்திருந்தார்கள். மறுமுனையில் நர்ஸ் கத்தியது பாதிதான் கேட்டது.

"அண்ணா, உங்களுக்கு அயர்ன் கம்மிங்க... ரொம்பக் கம்மி... டாக்டரம்மா சொன்னாங்க..."

"சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்தார். கையிலிருந்த அயர்ன் பெட்டியைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. நேராக சூப்பர்வைசர் கருப்புசாமியிடம் போனார்.

"டாக்டரம்மா அயர்ன கம்மி பண்ணச் சொல்லிட்டாகய்யா. ரொம்பவே கம்மி பண்ணணுமாம்."

கருப்புசாமி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஏனுங்க மாஸ்டர், உசுரு இருந்தாத்தானுங்க உத்தியோகம். நாளையில இருந்து பேக்கிங்ல உக்காருங்க. சம்பளத்தப் பத்தி நீங்க ரோசன பண்ணாதீங்க."

அப்படியாக, அயர்ன் மாஸ்டர் அட்டைப்பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டப் போனார். உட்கார்ந்த வேலை. ஆனாலும் மூச்சு அடங்கவில்லை. உதடு வெளுத்தது. இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் சித்ரகலா கேட்ட முதல் கேள்வி: "அயர்ன் என்னங்க ஆச்சு?"

"விட்டுட்டேன் டாக்டரம்மா."

"எதை விட்டீங்க?"

"அயர்னத்தான். நீங்க சொன்ன அன்னைக்கே விட்டுட்டேன். இப்பப் பேக்கிங்ல இருக்கேன்."

டாக்டர் பேனாவை வைத்தார். மூக்கம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் விளங்கியதும் முதலில் சிரித்தது அவள்தான். "அட கிறுக்கு மனுசா! ரத்தத்துல இரும்புச் சத்து கம்மின்னு சொன்னா, இஸ்திரிப் பெட்டிய இறக்கி வச்சுட்டு வந்து நிக்கிறீகளே!"

டாக்டரும் சிரித்தார். ஆனால் மாரிச்செல்வத்தின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நெஞ்சு வீக்கா இருக்கறவங்களுக்கு இரும்புச் சத்து குறையறது சகஜமுங்க. ஊசியப் போட்டு அனுப்பிரலாம். ஆனா இது இவ்வளவு குறையுதுன்னா ரத்தம் எங்கயோ போவுது. குடலைக் கேமரா விட்டுப் பாத்தே ஆகோணும்."

பார்த்தார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. கண்ணுக்குத் தெரியாமல், மலத்தோடு கலந்து, சொட்டுச் சொட்டாக ரத்தம் போயிருக்கிறது. சதைத் துணுக்கைப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது.

மாரிச்செல்வத்துக்கு நியாயம் புரியவில்லை. நெஞ்சுவலிக்காரனுக்குக் குடலில் எப்படி? ஒரு வீட்டுக்கு ஒரு திருடன் போதாதா?

"இது ரெண்டுக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கல் இருக்குங்க" என்றார் டாக்டர்.

"பாய்லர் மாதிரியா?" என்று கேட்டார் மாரிச்செல்வம். "பாய்லர்ல பிரஷர் இறங்குச்சுன்னா, கடைசி டேபிள்ல ஆவிக்குப் பதிலா தண்ணி சொட்டும். பீஸு கறையாயிரும்."

"பாதி சரிங்க. மிச்சத்தையும் கேளுங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார் டாக்டர். இதயம் தளர்ந்தால், உடம்பு அதை ஓட்டிச் செல்ல அவசரச் சுரப்புகளை அனுப்புகிறது. கொஞ்ச நாளைக்கு அது நல்லது. ஓயாமல் ஓடினால் உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி தங்கிவிடுகிறது. புண்ணை ஆற்ற "வளரு, வளரு" என்று செல்களுக்குச் சொல்லும் அதே சமிக்ஞைகள், எங்கோ ஒளிந்திருக்கும் கட்டியின் காதிலும் விழலாம். எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் எவ்வளவு தூரம் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். போதாததற்கு புகை, சர்க்கரை, வயது என்று இரண்டு நோய்க்கும் வேர்கள் பல பொது. எதிர்ப்பக்கமும் உண்டு: புற்றுநோய் இதயத் தசையை இளைக்க வைக்கும், அதற்குத் தரும் சில மருந்துகள் இதயத்தையே பதம் பார்க்கும்.

"உங்களுக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதுங்க. ஆனா நெஞ்ச ஒரு டாக்டரு, கட்டிய ஒரு டாக்டருன்னு தனித்தனியாப் பாத்தா ஆவாது. அது மட்டும் எனக்குத் தெரியும்."

கட்டியை வெட்டி எடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கோவையில் அறுவை டாக்டர் டேனியல் கையைப் பிசைந்தார். இந்தப் பம்பிங்கை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்க அஞ்சினார் மயக்க டாக்டர். காத்திருந்தால் கட்டி பரவும். அவசரப்பட்டால் மேசையிலேயே இதயம் நின்றுவிடலாம்.

அன்று டேனியலின் அறையில் நடந்ததை மாரிச்செல்வம் இன்றும் ஆள் மாற்றி ஆளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். டேனியல் அங்கிருந்தே சித்ரகலாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். இருவரும் இவருடைய இதயத்தைப் பற்றிச் சண்டை போடாத குறைதான். டேனியல் "இப்பவே" என்றார். சித்ரகலா "நெஞ்சத் தேத்த மூணு வாரம் குடுங்க" என்றார். முடிவில் அந்த மூன்று வாரம் கிடைத்தது.

"என் சொந்தக்காரங்ககூட எனக்காக இம்புட்டு நேரம் பேசுனதில்ல" என்பார்.

மூன்று வாரத்தில் சித்ரகலா மாத்திரைகளை மாற்றினார், இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றினார், உடம்பில் தேங்கிய நீரை வடித்தார். உப்பு விஷயத்தில் மூக்கம்மாள் யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை. ஊறுகாய் பாட்டில் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. பம்பிங் நாற்பத்திரண்டுக்கு ஏறியது. ரத்தம் கொடுக்க கருப்புசாமி கம்பெனி வேனில் ஆட்களைக் கூட்டி வந்தார். மூன்று பேர் ஒடிசாக்காரர்கள். "மாஸ்டர், டென்ஷன் நஹி" என்று இந்தியில் தைரியம் சொன்னதைத் தவிர அவர்களுக்கு அவரிடம் வேறு பேசத் தெரியவில்லை. வேறு பேச வேண்டியும் இருக்கவில்லை.

அறுவைக்கு உள்ளே போகும்போது மூக்கம்மாள் சொன்னாள்: "எந்திரிச்சு வந்துருங்க. இன்னும் எம்புட்டோ திட்டணும்."

எழுந்து வந்தார்.

பத்து நாள் கழித்து ஆய்வக முடிவு வந்தது. குடலைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள் எதிலும் புற்று பரவவில்லை. இரண்டு டாக்டர்களும் மறுபடி பேசினார்கள். இதயத்தை உத்தேசித்துப் பார்த்தாலும், கட்டியை உத்தேசித்துப் பார்த்தாலும் கீமோ தேவையில்லை என்பதுதான் முடிவு. அதைக் கேட்டதும் மாரிச்செல்வம் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு நெடுநாளாக மனதை அரித்த கேள்வியைக் கேட்டார்: "நான் கோட்டிக்காரன் மாதிரி ரெண்டு மாசத்த வீணாக்கினேனே, டாக்டரம்மா?"

"வீணாத்தான் ஆச்சுங்க. ஆனா திரும்ப வந்தீங்கல்ல, அது போதும். போன்ல சொன்னதோட நாங்களும் விட்டிருக்கக் கூடாதுங்க" என்றார் சித்ரகலா. இப்போது அந்த ஆஸ்பத்திரியில் இப்படியான முடிவுகளைப் போனில் சொல்வதில்லை. நேரில் வரச் சொல்லித்தான் சொல்கிறார்கள்.

மாரிச்செல்வம் தை மாதத்திலிருந்து அரை ஷிப்ட் வேலைக்கு, அயர்ன் டேபிளுக்கே, போகிறார். வரும் ஐப்பசியில் அவருக்கு மறுபடியும் குடல் பரிசோதனை. அதே வாரத்தில் எக்கோ. இரண்டு முடிவுகளும் இரண்டு டாக்டர்களுக்கும் போகும்.