புளிப்பத்தும் மகளின் கணுக்காலும்

என் மகள் செல்வி கோவில்பட்டிப் பள்ளியில் ஹாக்கி ஆடினாள். மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. டாக்டரிடம் போனால் மாவுக்கட்டுப் போட்டு உட்கார வைத்துவிடுவார், தேர்வு போய்விடுமே என்று நானே புளியும் உப்பும் காய்ச்சிப் பத்துப் போட்டு, தினமும் அழுத்தி நீவினேன்.

"எலும்புக்குள்ள வலிக்குதும்மா" என்று அழுதாள்.

"சுளுக்குதான் ஏட்டி, பல்லைக் கடிச்சுக்கோ" என்றேன்.

தேர்வன்று அவளால் காலை ஊன்றவே முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறிந்து விலகியிருந்தது. இன்று நடக்கிறாள், ஓட முடியவில்லை.

இப்போதும் அக்கம்பக்கத்தில் யாருக்காவது சுளுக்கு என்றால் பத்துப் போடுகிறேன், எக்ஸ்ரே பார்த்த பிறகு. வலிக்கிறது என்றால் கையை எடுத்துவிடுகிறேன்.

செல்வி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மைதானத்து விசில் கேட்டால் மட்டும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள்.