ஈயின் இறக்கை

எட்டாம் வகுப்பில் எங்களைப் பள்ளியிலிருந்து ஒரு முப்பரிமாணப் படத்துக்கு அழைத்துப் போனார்கள். எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். திரையில் ஒரு திமிங்கலம் வந்ததும் மொத்த வரிசையும் கையை நீட்டிக் கத்தியது. நானும் நீட்டினேன், நானும் கத்தினேன். என் கைக்கு முன்னால் எதுவும் இல்லை. திமிங்கலம் தூரத்தில், துணியில் வரைந்த படம்போல, தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. மற்றவர்களும் என்னைப்போல நடிக்கிறார்கள் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன்.

சின்ன வயதில் என் இடது கண் மூக்குப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் அதற்கு அதிர்ஷ்டக் கண் என்று பெயர். அது சாய்ந்ததை வீட்டில் கவனித்த வாரத்தில்தான் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை நிரந்தரமானது. அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். கப்பலில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் வேலை. கண் டாக்டரிடம் காட்டச் சொன்ன பால்வாடி டீச்சரிடம் நைனா சிரித்தாராம்: "இன்னா டீச்சர், அதிர்ஷ்டத்துக்குப் போய் யாராவது வைத்தியம் பாப்பாங்களா?"

பத்தாவது முடித்த விடுமுறையில் ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்கினார்கள். கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பஸ் போர்டு, ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் நைனாவுக்கு நான்தான் படித்துச் சொல்வேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துக் கிரேன் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தேன். கிரேன் ஓட்டுவதைத் திரையில் பழக்கும் சிமுலேட்டரில் எங்கள் பேட்சில் நான்தான் முதல். கண் பரிசோதனை மட்டும் பாக்கி. அதில் தேறினால், நைனா கட்டவிழ்த்துவிடும் கன்டெய்னர்களை நான் மேலே கண்ணாடி அறையிலிருந்து தூக்குவேன். தெரு முழுக்க நைனா இதைச் சொல்லி வைத்திருந்தார்.

பரிசோதனை ராயபுரத்தில் ஒரு கிளினிக்கில். நைனா லீவு போட்டு உடன் வந்தார். எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தேன். பிறகு டாக்டரம்மா எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க ஒரு பெரிய ஈ.

"அதோட இறக்கையப் பிடிங்க."

நான் காகிதத்தைத் தொட்டேன்.

"காகிதத்த இல்லம்மா, இறக்கைய."

"அதைத்தான் மேடம் புடிச்சிருக்கேன்."

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. "குடு கண்ணு, நா பாக்கறேன்" என்று கண்ணாடியை வாங்கி மாட்டினார். மறுநொடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஐயே! இன்னாது இது, மூஞ்சி மேல வருது!"

பிறகு மெல்லக் கையை நீட்டினார். காகிதத்துக்கு நாலு விரல் மேலே, வெறும் காற்றில், அவருடைய இரண்டு விரல்கள் எதையோ நசுங்காமல் பிடித்தன. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். திமிங்கலத்துக்குக் கை நீட்டியவர்கள் யாரும் நடிக்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறுபட்ட படங்களை அனுப்புகின்றன. மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தை உண்டாக்கிக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில் ஒரு கண் சாய்ந்திருந்தால் படங்கள் சேர்வதில்லை, மூளை ஒன்றை ஒதுக்கிவிடுகிறது. வளர்ந்த பின் கண்ணை நேராக்கினாலும் அந்தப் பழக்கம் பெரும்பாலும் போவதில்லை.

"சிமுலேட்டர்ல நான்தான் மேடம் ஃபர்ஸ்ட்."

"அது தட்டையான திரைம்மா. அதுல எல்லாருமே உன்னை மாதிரிதான் பாக்கறாங்க."

நைனா கேட்டார்: "எப்போ காட்டிருக்கணும் டாக்டரம்மா?"

"மூணு, நாலு வயசுல."

கிரேனுக்குத் தகுதி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இப்போது நான் அதே துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னர் எங்கே போக வேண்டும் என்று கணினித் திரையைப் பார்த்துச் சொல்கிறேன். தட்டையான திரைக்கு முன்னால் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபோது அது எனக்குத் தெரியாது.

"நாந்தான் உன் கிரேன கவுத்துட்டேன்," என்றார் நைனா.

"வுடு நைனா." எதிரே ஒரு வேப்பமரம். வெயில் சாய்ந்து, மரம் முழுக்கப் பொன்னாகக் கிடந்தது. "அந்த மரம் உனுக்கு எப்டி கீது?"

"மரம் மாதிரி கீது."

"எனுக்குச் செவுத்துல ஒட்ன மாதிரி கீது. நீ சரியா பாத்துச் சொல்லு."

பார்த்தார். பஸ் போர்டை நான் அவருக்குப் படிக்கும்போது விரல் வைப்பதுபோல, மேலிருந்து கீழாக விரலை நகர்த்திச் சொன்னார்: "எல எலயா தனியா நிக்குது. இந்தக் கெள நம்ம பக்கம் நீட்டிகினு கீது. அது பின்னால இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல..." தேடினார். "நடுவுல காத்து கீது, கண்ணு."

திருவொற்றியூர் வழியாகப் போகும் கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்றது. நைனா எழுந்தார்.

"அடுத்த வண்டில போலாம் நைனா," என்றேன். "கீழ அந்தக் கெளய இன்னும் சொல்லல நீ."